டெல்டா வீட்டு ஏ.சி.யை யாரிடம் ஒப்படைப்பது: நிறுவன ஒப்பந்தமா, உள்ளூர் மெக்கானிக்கா, சொந்தக் கையா?

ஏ.சி.யின் இலவச உத்தரவாதம் முடியும் தறுவாயில் வீட்டில் மூன்று விதமான யோசனைகள் எழுகின்றன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வருகைக்கும் தனியாகப் பணம் கட்ட நேரிடும் என்று நிறுவனத்திலிருந்து அழைத்துச் சொல்வார்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம பையனை அனுப்புறேன், பார்த்துக்குவான்" என்பார் தெருமுனை எலக்ட்ரிக்கல் கடைக்காரர். ஃபில்டரைக் கழற்றிக் கழுவும் காணொளியைக் கைபேசியில் பார்த்த பிள்ளைகளோ, நாமே செய்துகொள்ளலாமே என்பார்கள். மூன்றிலும் ஓரளவு நியாயம் இருப்பதால்தான், காவிரி டெல்டாவில் தஞ்சாவூர் முதல் வேதாரண்யம் வரை பல வீடுகளில் இந்த முடிவு தள்ளிப்போய், கடைசியில் சித்திரை வெயிலில் ஏ.சி. நின்ற பிறகு அவசரமாக எடுக்கப்படுகிறது.

சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ பொருந்தும் அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அறுவடைத் தூசி, கடல் உப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, நிலையில்லாத மின்னழுத்தம் ஆகிய நான்கும் சில பத்து கிலோமீட்டர் இடைவெளிக்குள் சேர்ந்திருக்கும் நிலம் இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து தள்ளி இருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு, வழக்கமான சுத்தத்தைச் சொந்தக் கையிலும், ஆண்டுக்கு இரண்டு முழு சர்வீஸைப் பழகிய உள்ளூர் மெக்கானிக்கிடமும் வைத்துக்கொள்வதே சிறந்தது. நிறுவன ஒப்பந்தம் சில வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் அதன் விலக்குப் பட்டியலைப் படித்த பிறகுதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வீடு எங்கே இருக்கிறது என்பது முதல் அளவுகோல். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார், வேதாரண்யம் போன்ற இடங்களில் காற்றோடு வரும் உப்பு, அவுட்டோர் யூனிட்டின், அதாவது வீட்டுக்கு வெளியே பொருத்தும் பெட்டியின், அலுமினியத் தகடுகளை அரிக்கிறது. அலுமினியத் தகடும் தாமிரக் குழாயும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு நீர் தங்கும்போது இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் முதலில் போகிறது. உப்பளத்துக்கு அருகே சில ஆண்டுகள் நின்ற அவுட்டோர் யூனிட்டின் தகடுகளை விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். வெளியில் பெட்டியின் பெயின்ட் அப்படியே இருக்க, உள்ளே வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய தகடுகள் பாதிக்கு மேல் இல்லாமல் போயிருக்கும். மன்னார்குடியிலோ பாபநாசத்திலோ இருக்கும் வீட்டுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாகக் கிடையாது.

அங்கே இருக்கும் சிக்கல் தூசி, அதுவே இரண்டாவது அளவுகோல். தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடை நடக்கும்போது இயந்திரங்கள் கிளப்பும் பதரும் சுணையும் காற்றில் மிதந்து வந்து அவுட்டோர் யூனிட்டின் பின்புறம் படிகின்றன. மின்விசிறி காற்றை இழுப்பது அந்தப் பின்பக்கம் வழியாகத்தான். வயலை ஒட்டியோ, களத்தை ஒட்டியோ, அரவை மில்லுக்கு அருகிலோ இருக்கும் வீட்டில் அறுவடை முடிந்ததும் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தால், தகடுகளே தெரியாதபடி கம்பளி போர்த்தியதுபோல் ஒரு பழுப்புப் படலம் இருக்கும். அதன்மேல் தை, மாசிப் பனி இறங்கிக் காய்ந்துவிட்டால் துடைப்பத்தால் தட்டினால் போகாது, தண்ணீர் அடித்தால்தான் போகும். இந்த நிலையில் கோடைக்குள் நுழையும் இயந்திரம் வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் திணறுகிறது, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது.

அந்தக் கட்டணத்தில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதல் யூனிட்டுகளுக்கு உயர்ந்த விலை வருவதோடு, கீழ் அடுக்கில் கிடைத்த குறைந்த விலைச் சலுகையும் போய்விடுகிறது. ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் எடுக்கும். எனவே 480 யூனிட்டில் நிற்க வேண்டிய வீடு, அடைத்துக்கொண்ட காயில் (தகடுகளும் குழாயும் சேர்ந்த, வெப்பத்தைக் கடத்தும் பகுதி) காரணமாக 530க்குப் போவது வெறும் 50 யூனிட் வித்தியாசம் அல்ல. பராமரிப்பின் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். இரவில் மின்னழுத்தம் இறங்கி ஏறும் ஊர்களில் கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் ஏ.சி.யின் பி.சி.பி. போர்டுதான் (மின்னணுச் சுற்றுப் பலகை) முதலில் பலியாகிறது. ஐப்பசி இடி மின்னலும், சூடு தேடிப் போர்டுக்குள் நுழையும் பல்லியும், வயர்களைக் கடிக்கும் எலியும் அதே போர்டைத்தான் குறிவைக்கின்றன. போர்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கும் குட்டிப் பல்லியை இந்தப் பகுதியில் எந்த மெக்கானிக்கும் தன் கைபேசிப் படத்தில் காட்டுவார்.

மீதி அளவுகோல்கள் எளியவை: இயந்திரத்தின் வயது, அதில் இருக்கும் குளிரூட்டும் கேஸின் வகை, கம்ப்ரஸர் உத்தரவாதம் மீதமிருக்கிறதா என்பது, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது, வீட்டில் ஸ்டூல் மீது ஏறக்கூடியவர் யாராவது இருக்கிறாரா என்பது. கடைசியாகச் சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் நிறைந்த பகுதியில் அதுதான் பல நேரம் முடிவையே மாற்றுகிறது.

 

## நிறுவனத்தின் முழு ஒப்பந்தம்

ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சர்வீஸ், பழுதானால் இலவச வருகை, பாகங்களும் கேஸும் இலவசம் என்பது இதன் வாக்குறுதி. சரியான உதிரிபாகம் கிடைக்கும் என்பது இதன் பெரிய பலம். இன்வெர்ட்டர் போர்டுகள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், அசல் போர்டு நிறுவனத்தின் வழியாகத்தான் உறுதியாகக் கிடைக்கும். புகாருக்கு ஓர் எண் இருக்கும், ரசீது இருக்கும். நியாயம் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுக ஆவணம் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கிருந்தே புகார் பதிவுசெய்து, ஆள் வந்தாரா என்று பார்த்துக்கொள்ளவும் முடியும்.

மறைந்திருக்கும் செலவு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. முழு ஒப்பந்தம் என்று பெயர் இருந்தாலும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, மின்னல், வெள்ளம், புயல், எலி, பூச்சி ஆகியவற்றால் ஏற்படும் சேதம் பெரும்பாலும் அதற்குள் வராது. பிளாஸ்டிக் பாகங்களும் வெளிப்புறப் பெட்டியும் வழக்கமாக வெளியே நிறுத்தப்படுகின்றன. உப்புக் காற்றாலோ சாக்கடை வாயுவாலோ காயில் அரித்தால் பொறுப்பில்லை என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. டெல்டாவில் ஏ.சி.யைக் கொல்லும் காரணங்களை எழுதச் சொன்னால் கிட்டத்தட்ட இதே பட்டியலைத்தான் நான் எழுதுவேன். பழுது வரும்போது, இது உற்பத்திக் கோளாறா, மின்னழுத்தக் கோளாறா என்று முடிவுசெய்பவரும் அதே நிறுவனத்தின் ஆள்தான். ஆகவே, ஒப்பந்தத்தின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டாமல், காயில் அரிப்பும் பி.சி.பி. போர்டும் உள்ளே இருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது மிக முக்கியம். தொலைபேசியில் "எல்லாமே கவர் ஆகும் மேடம்" என்று சொல்வது எங்கும் செல்லாது.

இரண்டாவது மறைசெலவு காலம். ஒப்பந்த சர்வீஸ்கள் ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றன. டிசம்பரில் தொடங்கினால் முதல் சர்வீஸ் அறுவடைக்கு முன்பே முடிந்துவிடும், தூசி முழுவதும் அதன் பிறகு வந்து படியும். சர்வீஸ் தேதியை வாடிக்கையாளரே நினைவூட்டிக் கேட்காவிட்டால் எண்ணிக்கை குறையாமல் வந்து செய்வார்கள் என்றும் எதிர்பார்க்க முடியாது. சர்வீஸ் சென்டர் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருந்து, வீடு முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தால், மே மாதப் புகாருக்கு ஆள் வர எத்தனை நாள் ஆகும் என்பதை அந்த ஊரில் அதே நிறுவனத்தின் ஏ.சி. வைத்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பணக் கணக்கையும் ஓர் எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்க்கலாம். முழு ஒப்பந்தம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 5,900. உள்ளூரில் ஒரு தண்ணீர் சர்வீஸ் (தண்ணீர் அடித்துக் கழுவும் முழு சர்வீஸ்) 700 ரூபாய் என்றால் ஆண்டுக்கு இரண்டு முறைக்கு 1,400. வித்தியாசம் ஆண்டுக்கு 4,500, ஐந்து ஆண்டுக்கு 22,500. அந்தத் தொகைக்குள் மோட்டார் ஓட உதவும் கெபாசிட்டரை மாற்றுவதும், ஒரு கேஸ் கசிவு வேலையும், ஒரு போர்டு வேலையும் அடங்கிவிடும் என்றால் கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஒப்பந்தம் லாபமில்லை. உங்கள் ஊர் விலையை இந்த இடங்களில் இட்டு நீங்களே கணக்கிடுங்கள். கடற்கரை வீட்டில் காயிலே மாற்ற வேண்டி வந்தால் கணக்கு தலைகீழாகும், ஆனால் காயில் அரிப்பு விலக்கில் இல்லாமல் இருந்தால் மட்டும்.

## கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தம்

இதில் சர்வீஸும் வருகையும் இலவசம், பாகங்களுக்கும் கேஸுக்கும் தனிப்பணம். நிறுவனங்களும் தருகின்றன, ஊரில் இருக்கும் பெரிய ஏ.சி. கடைகளும் தருகின்றன. மூன்று நான்கு ஏ.சி. இருக்கும் வீடு, திருமண மண்டபத்தோடு சேர்ந்த வீடு, கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வீடு ஆகியவற்றுக்கு ஊர்க் கடையுடன் இப்படி ஓர் ஏற்பாடு வசதியானது. ஒற்றை ஏ.சி. வைத்திருப்பவருக்கு இதில் கிடைப்பது முன்பணம் கட்டிய சர்வீஸ் மட்டுமே. அதை அந்தந்த முறை பணம் கொடுத்தே செய்துகொள்ளலாம்.

## உள்ளூர் மெக்கானிக்

நல்ல மெக்கானிக் ஒருவர் அமைந்துவிட்டால் டெல்டா வீட்டுக்கு அவரைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பது என் உறுதியான கருத்து. அழைத்த மறுநாள் வருவார். எந்த வயலில் எப்போது அறுவடை என்பது அவருக்கே தெரியும். அவுட்டோர் யூனிட் மொட்டை மாடியில் வெயிலில் காய்கிறது, சன்ஷேடுக்கு இறக்கலாம் என்று யோசனை சொல்வார். குறை இருப்பது தரத்தில் உள்ள வேறுபாட்டில்தான்: ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு படித்துப் பத்து ஆண்டு அனுபவமுள்ளவரும், ஆறு மாதம் ஒருவரோடு சுற்றிவிட்டுத் தனியாகக் கிளம்பியவரும் ஒரே கூலியைக் கேட்கிறார்கள். இருவரையும் பிரித்தறியும் இடம் கேஸ்.

ஏ.சி.யின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்பது மட்டுமே பொருள். ஆனாலும் ஆண்டுதோறும் பங்குனியில், "அம்மா, கேஸ் இறங்கியிருக்கு, ஏத்திடலாமா?" என்ற கேள்வி வீடு வீடாகக் கேட்கப்படுகிறது, சரி தம்பி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணமும் கொடுக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றுதான்: "எங்கே லீக் என்று முதலில் காட்டுங்கள்." நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். குழாய்களை இணைக்கும் மரைகளான ஃபிளேர் நட் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார், தேவையானால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிப்பார், அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பார். அதன் பிறகே, அவுட்டோர் யூனிட்டின் லேபிளில் அச்சிட்டிருக்கும் கிராம் அளவுக்குத் தராசில் வைத்து கேஸ் ஏற்றுவார். வேக்குவம் போடாமல், சிறிது கேஸைத் திறந்துவிட்டு அதனாலேயே காற்றைத் தள்ளிவிட்டு ஏற்றினால், உள்ளே தங்கிய ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரை அரிக்கத் தொடங்கும். பழுது அன்றைக்குத் தெரியாது, ஓரிரு கோடை கழித்துத்தான் தெரியும்.

கேஸின் வகையும் அதே அளவு முக்கியம். பழைய இயந்திரங்களில் ஆர்-22, அதற்குப் பின் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது பரவலாக ஆர்-32, சில மாடல்களில் ஆர்-290 இருக்கும். ஆர்-32 எளிதில் பற்றாவிட்டாலும் எரியும் தன்மை கொண்டது. ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். இவற்றில் கேஸை முழுதாக வெளியேற்றாமல் குழாயைத் தீச்சுவாலையால் சூடாக்கி ஒட்டவைப்பது உயிருக்கே ஆபத்து. லேபிளில் இல்லாத கேஸை "இதுவும் நல்லாக் குளிரும்" என்று ஏற்ற முன்வருபவரை அன்றே அனுப்பிவிடலாம்.

உத்தரவாதம் பற்றியும் ஒரு சொல். பல நிறுவனங்கள் கம்ப்ரஸருக்கு மட்டும் ஐந்து முதல் பத்து ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. வெளியாள் குழாயைத் திறந்து வேலை செய்திருந்தால் அதை மறுக்கும் விதி அட்டையில் இருக்கக்கூடும். ஆகவே அந்தக் காலத்துக்குள் ஃபில்டர், தண்ணீர் சர்வீஸ், டிரெயின் பைப் (தண்ணீர் வெளியேறும் குழாய்) வேலைகளை உள்ளூர் மெக்கானிக்கிடமும், கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் நிறுவனத்திடமும் கொடுப்பது பாதுகாப்பு. கம்ப்ரஸர் இலவசம் என்றாலும் கேஸ், கூலி, போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்கும் ஒரு துண்டுச் சீட்டிலாவது தேதி, செய்த வேலை, ஏற்றிய கேஸின் வகை, கிராம் அளவு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். மறுமுறை வேறு மெக்கானிக் வந்தாலும் அந்தச் சீட்டு அவருக்கு உதவும்.

## சொந்தக் கை

இதை முழு மாற்றாக நான் சொல்லவில்லை, ஆனால் இது இல்லாமல் மற்ற எதுவும் உருப்படியாக வேலை செய்யாது. இன்டோர் யூனிட்டின் வலை ஃபில்டரை ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுவது பத்து நிமிட வேலை. அடைத்த ஃபில்டரைச் சுத்தமாக்கினாலே மின்செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆள் வந்து இதைச் செய்ய மாட்டார்.

அடுத்தது டிரெயின் பைப். புழுக்கமான டெல்டாக் காற்றிலிருந்து ஏ.சி. ஒரே இரவில் பல லிட்டர் நீரைப் பிரிக்கிறது. அந்த ஈரத்தில் தூசி சேர்ந்து வழுவழுப்பான பாசிபோல் பைப்பில் படிகிறது, வெளிமுனையில் குளவி மண்கூடு கட்டுகிறது, பிறகு தண்ணீர் சுவர் வழியே அறைக்குள் இறங்குகிறது. வெளிமுனையில் நீர் சீராகச் சொட்டுகிறதா என்று வாரம் ஒரு முறை பார்ப்பதும், முனையில் சிறு வலைத்துணி கட்டுவதும் போதும்.

அவுட்டோர் யூனிட்டுக்கு, ஏ.சி.க்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் தகடுகளுக்கு நேராக நல்ல தண்ணீர் அடிப்பது கடற்கரை வீட்டில் மாதம் ஒரு முறை, கடலிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டில் அறுவடைக்குப் பின் ஒரு முறை அவசியம். கடற்கரையில் இதற்கு உவர் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மின்பகுதியின் மூடியைத் திறக்கக் கூடாது. அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். வண்டி கழுவும் உயரழுத்தப் பம்பைத் தகடுகளின் மீது அடித்தால் அவை மடிந்து காற்று போகாது. கைப்பிடிச் சுவர்மீது ஏறி நின்று மாடிக்கு வெளியே தொங்கும் யூனிட்டைக் கழுவ முயலவே கூடாது. மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக ஓர் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழு ஒப்பந்தம் | கூலி ஒப்பந்தம் | உள்ளூர் மெக்கானிக் | சொந்தக் கை |
|---|---|---|---|---|
| ஆண்டுச் செலவு | அதிகம், முன்கூட்டியே தெரியும் | நடுத்தரம், பாகங்கள் தனி | குறைவு, பழுது வந்தால் ஏறும் | மிகக் குறைவு |
| மறைசெலவு | விலக்குப் பட்டியல், தவறிப்போகும் சர்வீஸ் | பயன்படுத்தாத வருகைகள் | தேவையற்ற கேஸ், உத்தரவாத இழப்பு | விபத்து, மடிந்த தகடு |
| அறுவடைத் தூசி | தேதி பொருந்தினால் மட்டும் | கேட்டால் வருவார்கள் | சரியான நேரத்துக்கு அழைக்கலாம் | மேலோட்டமாக முடியும் |
| கடல் உப்பு | காயில் அரிப்பு உள்ளடங்கினால் நல்லது | உதவாது | கழுவ உதவும் | மாதாந்திரக் கழுவலுக்கு இதுவே சிறந்தது |
| அசல் போர்டு, பாகம் | உறுதி | நிறுவனத்துடையது என்றால் உறுதி | எப்போதும் கிடைக்காது | இல்லை |
| கோடையில் வரும் வேகம் | சென்டர் தூரத்தைப் பொறுத்தது | கடையைப் பொறுத்தது | பழக்கத்தைப் பொறுத்தது | உடனடி |

## எந்த வீட்டுக்கு எது

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ஒன்றிரண்டு ஏ.சி. இருக்கும் வீட்டுக்குச் சொந்தக் கையும் உள்ளூர் மெக்கானிக்கும் சேர்ந்த ஏற்பாடு போதும். முதல் சர்வீஸைப் பொங்கல் சுத்தத்தோடு சேர்த்துத் தையில் செய்துவிடாமல், அக்கம்பக்கத்து அறுவடை முடிந்த பிறகு மாசிக் கடைசியிலோ பங்குனித் தொடக்கத்திலோ வையுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் நல்ல மெக்கானிக் எவரும் கைக்குக் கிடைக்க மாட்டார். இரண்டாவதைக் குறுவை அறுவடை ஓய்ந்து, ஐப்பசி மழை பிடிக்கும் முன் புரட்டாசிக் கடைசியில் வைத்தால், எர்த் இணைப்பு, வயர் நுழையும் துளைகள், ஸ்டாண்டின் போல்ட்டுகள் ஆகியவற்றையும் மழைக்கு முன் சரிபார்த்ததாகும். துளைகளை அடைத்தாலே பல்லித் தொல்லை பெரிதும் குறையும். ஒப்பந்தத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் தரமான ஸ்டெபிலைசர் ஒன்றை வாங்குவது இந்த வீடுகளுக்குக் கூடுதல் பயன் தரும். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று விற்கப்படும் மாடலிலும், அது தாங்கும் மின்னழுத்த எல்லையைக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

கடற்கரை வீட்டுக்கு முதல் கேள்வி, காயில் அரிப்பு ஒப்பந்தத்தில் அடங்குமா என்பது. அடங்கும் என்று எழுத்தில் கொடுத்தால் முழு ஒப்பந்தத்தைத் தயங்காமல் எடுக்கலாம். அடங்காது என்றால் அந்தப் பணத்தை அவுட்டோர் யூனிட்டைக் கடற்காற்று நேராக மோதாத சுவருக்கு மாற்றவும், வாங்கும்போதே அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள காயிலைத் தேர்ந்தெடுக்கவும் செலவிடுவது அறிவுடைமை. 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட சேதத்துக்கு ஏ.சி. ஒப்பந்தம் எதுவும் கைகொடுக்காது. அதற்குரியது வீட்டுக் காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயல், வெள்ளச் சேதமும் வீட்டுப் பொருட்களும் அடங்குகின்றன. தாழ்வான தெருவில் அவுட்டோர் யூனிட்டைத் தரையில் வைத்திருப்பவர்கள் எந்தப் பாலிசிக்கும் முன் அதைச் சுவர் ஸ்டாண்டுக்கு ஏற்றிவிட வேண்டும்.

முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, கணக்கில் சற்றுக் கூடினாலும், இயந்திரம் பத்து வயதுக்குள் இருந்து, சர்வீஸ் சென்டர் அதே ஊரிலோ அடுத்த ஊரிலோ இருந்தால், நிறுவன ஒப்பந்தத்தையே சொல்வேன். "கேஸ் ஏத்திடலாமா" என்ற கேள்விக்கு ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்பதே அதற்குக் காரணம். அதோடு, ஃபில்டர் கழுவ மாதம் இரண்டு முறை வர அக்கம்பக்கத்துப் பையன் ஒருவருக்குச் சிறு தொகை பேசிவிடுங்கள். அப்பாவை ஸ்டூல் மீது ஏறவிட வேண்டாம்.

கடைசியாக, ஆர்-22 கேஸ் உள்ள பழைய இயந்திரம். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2030-க்குள் இந்தியாவில் இந்தக் கேஸின் உற்பத்தி ஏறத்தாழ முற்றாக நிறுத்தப்பட வேண்டும். எனவே கேஸ் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அருகி, விலை ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட இயந்திரத்துக்கு எந்த ஒப்பந்தமும் போட வேண்டாம். சுத்தமாக வைத்துக்கொண்டு ஓடும்வரை ஓட்டுங்கள். ஃபிளேர் நட்டில் கசிந்தால் ஒரு முறை அடைத்துப் பார்க்கலாம். காயிலிலேயே கசிவு என்று சோப்பு நுரை காட்டிவிட்டால், அன்றோடு செலவை நிறுத்திவிட்டு, மாசி மாதத்திலேயே புதியதை வாங்கிப் பொருத்திவிடுங்கள். அந்த மாதத்தில் கடையில் கூட்டம் இருக்காது, பொருத்த வருபவரும் வேக்குவம் போடும் நேரத்தைச் சுருக்க மாட்டார்.